பொம்மை ரயிலுக்கு வீடு வாங்கும்முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி முடிந்து ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது என் கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். வரவேற்பறைத் தரையிலோ பழைய சாப்பாட்டு மேசையிலோ ஒரு ரயில் வட்டம், நடுவில் புதிதாக வாங்கிய நான்கைந்து வீடுகள், ஓரத்தில் ஒரு நிலையம். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, எல்லாம் வாங்கியாச்சு. ஆனா என்னமோ சரியில்லாத மாதிரி இருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

படத்தைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் கதவிலேயே விடை கிடைத்துவிடும். ரயில்பெட்டியின் கதவு ஒரு உயரம், பக்கத்து வீட்டின் கதவு இன்னொரு உயரம். அந்த வீட்டில் வசிப்பவர் இந்த ரயிலில் ஏற முடியாது. இந்தத் தவறுகளில் பலவற்றை ஆரம்ப காலத்தில் நானும் செய்திருக்கிறேன் என்பதால் யார் மீதும் குறையில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அதே தவறுக்கு அதே பணம் செலவாவதைப் பார்க்கும்போது எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது.

தண்டவாளத்தைத் துடைக்காமல் ஓட்டுவது, பேட்டரியைக் கழற்றாமல் பெட்டிக்குள் வைப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவையெல்லாம் ஒரு வாரத்தில் தானாகவே புரிந்துவிடும்.

தண்டவாள அகலத்தை வைத்து வீடு வாங்குவது

இந்த ஒரு தவறுதான் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுகிறது. காரணம், இதில் போவது சின்னப் பணம் இல்லை. ஒரு அடிக்கோலும் இரண்டு நிமிடப் பொறுமையும் இருந்தால் தவிர்த்துவிடக்கூடியது.

இரண்டு அளவுகள் இருக்கின்றன. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கேஜ். உண்மையான பொருளை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது ஸ்கேல். ரயில் ஓடுவதற்கு கேஜ் பொருந்தினால் போதும். வீடு, மனிதர், கார், மரம், பிளாட்பாரம் எல்லாவற்றுக்கும் ஸ்கேல்தான் வேண்டும். ஒரே கேஜில் பல ஸ்கேல்கள் ஓடும் என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதன் மேல் ஓடுவது எச்ஓ (HO), 87-இல் ஒரு பங்கு. பிரிட்டனில் அதே தண்டவாளத்தில் ஓஓ (OO) ஓடுகிறது, 76-இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் ரயில் இஞ்சின்கள் அசலிலேயே ஒல்லியானவை. அந்தக் காலத்து மோட்டார் எச்ஓ அளவு உடலுக்குள் அடங்கவில்லை. அதனால் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். ஜப்பானியர் தங்கள் 1067 மில்லிமீட்டர் பாதை ரயில்களை அதே 16.5 மில்லிமீட்டரில் 80-இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். 9 மில்லிமீட்டர் 'என்' (N) கேஜிலும் இதே கதை: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 160, பிரிட்டனில் 148, ஜப்பானில் பொதுவாக 150. தோட்டத்தில் ஓடும் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு வந்தால் 22.5 முதல் 32 வரை பல அளவுகள் ஒரே பாதையில் ஓடும்.

எச்ஓ ரயிலுக்குப் பக்கத்தில் ஓஓ வீட்டை வைத்தால் வீடு 14 சதவீதம் பெரிது. கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 14 சதவீதம் கூடும்போது கட்டடத்தின் கனஅளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. கண் அதைத்தான் பிடிக்கிறது. "என்னமோ சரியில்லை" என்று சொல்லவைப்பது அதுதான்.

இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் மாட்டிக்கொண்டவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தம்பி. மகனுக்காக அமெரிக்காவின் பழைய பொம்மை ரயில் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். தகரக் குழாய் போன்ற தண்டவாளம், நடுவில் மூன்றாவது கம்பி, நல்ல கனமான இஞ்சின். நன்றாகவே ஓடியது. பெட்டியில் ஓ (O) கேஜ் வகை, அதாவது 32 மில்லிமீட்டர், என்று இருந்ததைப் பார்த்து, வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கு எழுதி ஓ ஸ்கேல் வீடுகள் கேட்டிருக்கிறார். லேசரில் வெட்டிய மர வீடுகள், 48-இல் ஒரு பங்கு, ஐந்து வந்து இறங்கின. பொருளின் விலையைவிடக் கப்பல் கூலி அதிகம். எல்லாவற்றையும் ஒட்டி, வர்ணம் பூசி, மேசையில் வைத்த பிறகுதான் எனக்குப் படம் அனுப்பினார்.

"அண்ணே, ரெண்டும் ஓ தானே? 32 மில்லிமீட்டர் தானே?" என்று கேட்டார்.

32 மில்லிமீட்டர்தான், அதில் தவறே இல்லை. ஆனால் ஓ-27 என்ற வகையில் வரும் அந்தக் கால லயனல் நிறுவனப் பொம்மை ரயில்கள் பல, இறுக்கமான வளைவில் திரும்ப வேண்டும் என்பதற்காகச் சுருக்கிச் செய்யப்பட்டவை. ஓ கேஜ் தண்டவாளத்தில் ஓடினாலும் உடலின் அளவு 64-இல் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்கும். இவர் வாங்கிய வீடுகள் அதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரியவை. ரயில்பெட்டியின் கூரை வீட்டு வாசற்கதவின் மேல்விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம்தான் உயர்ந்து நின்றது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்பதுதான் சிக்கல். "இந்த வீட்டுக் கதவின் உயரம் எத்தனை மில்லிமீட்டர்?" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். ஒட்டிய வீட்டை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே நான் எல்லோரிடமும் செய்யச் சொல்வது இது. முதலில் உங்கள் ரயிலில் பயணிகள் ஏறும் கதவின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். உண்மையான ரயில்பெட்டிக் கதவை ஏறக்குறைய 1900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 1900-ஐ நீங்கள் அளந்த எண்ணால் வகுத்தால் ரயிலின் ஸ்கேல் கிடைத்துவிடும். கதவு 38 மில்லிமீட்டர் என்றால் 50-இல் ஒரு பங்கு, ஓ ஸ்கேல் வீடு ஒத்துப்போகும். 30 மில்லிமீட்டர் என்றால் 63 வருகிறது, 64-இல் ஒரு பங்கு வீடுகளைத் தேடுங்கள். 22 என்றால் எச்ஓ. சரக்கு ரயில் மட்டும்தான் இருக்கிறது என்றால் இஞ்சின் ஓட்டுநரின் கதவை அளக்கலாம்.

அப்புறம் வீட்டுப் பக்கம். சாதாரண வாசற்கதவு 2100 மில்லிமீட்டர். அது எச்ஓவில் 24 மில்லிமீட்டர், ஓஓவில் 27 முதல் 28, ஜப்பானிய 'என்' அளவில் 14, 64-இல் ஒரு பங்கில் 33, 48-இல் ஒரு பங்கில் 44. இந்த எண்களை ஒரு அட்டைத் துண்டில் கோடுகளாக வரைந்து பணப்பையில் வைத்துக்கொண்டால் கடையிலேயே பிடித்துப் பார்த்துவிடலாம். 170 சென்டிமீட்டர் உயர மனிதர் எச்ஓவில் 19 அல்லது 20 மில்லிமீட்டர், ஓஓவில் 22, 'என்' அளவில் 11. அந்த உயரத்தில் ஒரு மனித உருவத்தையும் அட்டையில் வெட்டி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு போய் எல்லாக் கட்டடத்தின் வாசலிலும் நிறுத்திப் பார்ப்பார்கள். தவறை முதலில் கண்டுபிடிப்பதும் அவர்களாகத்தான் இருக்கும்.

நம் வீடுகளில் அதிகம் இருக்கும் நீலத் தண்டவாளப் பிளாரெயில், மரத்தண்டவாளப் பிரியோ போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவை எந்த ஸ்கேலுக்கும் கட்டுப்பட்டவை இல்லை. பிளாரெயிலில் பதினாறு பெட்டி புல்லட் ரயில்கூட மூன்று பெட்டியாகத்தான் பெரும்பாலும் வரும். அகலத்துக்கு ஒரு கணக்கு, நீளத்துக்கு வேறொரு கணக்கு. அவற்றுக்கு எச்ஓ, 'என்' என்று பெயர் போட்ட விலையுயர்ந்த வீடுகளை வாங்க வேண்டாம். அந்தந்தத் தயாரிப்பாளர் அதற்கென்றே செய்யும் நிலையங்களும் பாலங்களும் போதும். இல்லையென்றால் ரயிலின் கதவு உயரத்தைப் பார்த்து அட்டையிலேயே வீடு செய்துகொடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை மிதித்து உடைத்தாலும் மனம் வலிக்காது.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது

"எச்ஓ/ஓஓ" என்று இரண்டையும் சேர்த்துப் போட்ட பெட்டி நிறைய வரும். ஒரு வீடு இரண்டு அளவிலும் இருக்க முடியாது. ஒன்றில் சரியாகவும் மற்றதில் பிசகியும் இருக்கும், இல்லாவிட்டால் நடுவில் எங்கோ நிற்கும். அமெரிக்கப் பிளாஸ்டிக்வில் வீடுகளில் "ஓ/எஸ்" என்று இருப்பதும் அப்படித்தான் (எஸ் என்பது 64-இல் ஒரு பங்கு). ஆனால் நான் மேலே சொன்ன பழைய பொம்மை ரயில்களுக்கு அவை நன்றாகவே ஒத்துப்போகும், ஏனென்றால் அந்த ரயில்களை மனதில் வைத்துத்தான் அவற்றைச் செய்தார்கள். ஐரோப்பாவின் பழைய எச்ஓ வீடுகள் பலவும் மேசையில் இடம் மிச்சமாக வேண்டும் என்று 100-இல் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கப்பட்டவை. பெட்டியில் எச்ஓ என்றுதான் இருக்கும்.

இணையத்தில் வாங்கும்போது கதவுக்குப் பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் அனுப்புவார். அனுப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

பசார் மாலாம் (இரவுச் சந்தை) கார்களை எச்ஓ சாலையில் விடுவது

வேண்டாம். கைக்கு அடக்கமான அந்த உலோகக் கார்கள் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்கு, எச்ஓ ரயிலுக்கு முன் லாரி மாதிரித் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் தம்பியின் ரயிலுக்கு அவை அருமையாகப் பொருந்தின. ஜப்பானின் டோமிகா பொம்மைக் கார்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஸ்கேல். அடிப்பகுதியில் எண் இருக்கும், திருப்பிப் பாருங்கள்.

ஊரைப் பார்க்காமல் வீட்டைப் பார்ப்பது

ஸ்கேல் சரியாக இருந்தும் மேசை நம் ஊராகத் தோன்றாததற்கு இதுதான் காரணம். கடையில் எளிதாகக் கிடைக்கும் வீடுகள் ஜெர்மன் மலைக்கிராமத்துக்கு உரியவை: பனி சரிந்து விழச் செங்குத்தான கூரை, குளிருக்குப் புகைபோக்கி. அவற்றுக்கு நடுவே நம் மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் மீட்டர் கேஜ் ரயிலின் நிறத்தில் ஒரு வண்டியை ஓட்டினால் எங்கே ஓடுகிறது என்றே தெரியாது.

கடைவீடு செய்வது கடினமே இல்லை. 20 அடி முகப்பு என்றால் எச்ஓவில் 70 மில்லிமீட்டர், ஜப்பானிய 'என்' அளவில் 41. முன்னால் அஞ்சடி, அதாவது கூரைக்குக் கீழே போகும் ஐந்தடி அகல நடைபாதை, ஓட வேண்டும். ஐந்தடி என்பது எச்ஓவில் பதினேழரை மில்லிமீட்டர், 'என்' அளவில் பத்து. அந்த அஞ்சடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஆள் ஒதுங்க இடமில்லாத கடை வரிசை, எத்தனை அழகாக வர்ணம் பூசியிருந்தாலும் பினாங்கின் ஜார்ஜ் டவுன் ஆகாது. நடுவில் காற்றுவெளிக்கு ஒரு திறப்பும் விட்டால் மேலிருந்து பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கும். மேசையில் இருப்பதை நாம் எப்போதும் மேலிருந்துதானே பார்க்கிறோம்.

பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. துறைமுகத்துக்கு அருகே மணிக்கூண்டோடு நிற்கும் பழைய மலாயன் ரயில்வே கட்டடத்துக்கு ரயில் வந்ததே இல்லை. பயணிகள் டிக்கெட் எடுத்துப் படகில் அக்கரை போய் ரயில் ஏறினார்கள். அதைத் தண்டவாளமே இல்லாமல் மேசையின் ஒரு ஓரத்தில் வைக்கலாம், நடுவில் கடல்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்குவது

கோலாலம்பூர் பழைய நிலையத்தைச் செய்ய ஆசைப்படாதவர் எங்களில் யாரும் இல்லை. 1910-இல் திறந்தது, கட்டடக் கலைஞர் ஹப்பாக் வரைந்தது, கூம்பும் குவிமாடமும் வளைவுமாக அத்தனை அழகு. ஆனால் அதை எச்ஓவில் அளவு பிசகாமல் செய்தால் மேசையில் வேறு எதற்கும் இடமிருக்காது. செந்தூலில் ஒருவர் இதைத் தவிர்க்க முழுக் கட்டடத்தையும் பாதியாகச் சுருக்கிச் செய்தார். நுணுக்கமான வேலை, கை அப்படி ஒரு கை. ஆனால் வாசல்களும் பாதியாகிவிட்டன. ரயிலை நிறுத்தியதும் நிலையம் பின்னால் ஒரு கல் தொலைவில் இருப்பது போலத் தோன்றியது.

சுருக்க வேண்டியது எண்ணிக்கையை. பத்து வளைவுகள் உள்ள முகப்பில் நான்கை மட்டும் வையுங்கள், ஆனால் அந்த நான்கின் உயரமும் முழு உயரமாக இருக்கட்டும். கட்டடத்தின் ஆழத்தைக் குறைக்கலாம், சுவரோடு ஒட்டி முகப்பை மட்டும்கூட நிறுத்தலாம். கதவு, படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், பெஞ்சு ஆகிய மனிதர் தொடும் எதிலும் கை வைக்காதீர்கள். பிளாட்பாரத்துக்கும் அதே கணக்கு. 20 மீட்டர்ப் பெட்டி எச்ஓவில் 23 சென்டிமீட்டர். ஆறு பெட்டி ரயில் நிற்க ஒன்றரை மீட்டர் வேண்டும். நம் வீடுகளில் அதற்கு இடம் ஏது? மூன்று பெட்டிக்குப் பிளாட்பாரம் போட்டு, ரயிலையும் மூன்று பெட்டியாக ஓட்டுங்கள். உயரத்தை மட்டும் பெட்டியின் கதவுத்தளத்துக்குச் சமமாக அளந்து வையுங்கள்.

வளைவில் கட்டடத்தை ஒட்டி வைப்பது

நீளமான பெட்டி வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் நீட்டும். பிரிட்டிஷ் நிறுவனமான ஹோர்ன்பியின் முதல் வளைவு 371 மில்லிமீட்டர் ஆரம், இரண்டாவது 438. இறுக்கமான வளைவில் இந்த நீட்டல் அதிகம். இருப்பதிலேயே நீளமான பெட்டியின் இரு முனையிலும் நடுவிலும் பென்சிலை ஒட்டி, கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று போங்கள். தரையில் விழும் கோட்டுக்கு வெளியேதான் எல்லாம் இருக்க வேண்டும். பசை காய்ந்த பிறகு இதைச் செய்து பயனில்லை.

மின்சாரம்

ஜப்பான் பவர் பேக் 100 வோல்ட், அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் 120. நம் சுவரில் வருவது 230. பிளக் மாற்றும் குச்சி வோல்டேஜை மாற்றாது. பின்பக்கம் உள்ள எண்ணைப் படித்துவிட்டு மட்டும் செருகுங்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

மார்க்லின் எச்ஓ வண்டியைச் சாதாரண இரண்டு கம்பிப் பாதையில் வைப்பது

ஷார்ட் ஆகும். கேஜ் ஒன்றுதான், மின்சாரம் ஓடும் முறை வேறு.

கொலுவில் ரயில் விடும்போது

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் கீழே பூங்கா அமைத்து ரயில் விடுவது இப்போது கூடிவருகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. படிகளில் அளவு பார்க்க வேண்டியதே இல்லை. மரப்பாச்சி ஒரு உயரம், தசாவதாரம் ஒரு உயரம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ரயில் ஓடும் தரைக்கு மட்டும் தனியாக ஒரு பலகை போட்டு, அதன் மேல் வருவதெல்லாம் ரயிலின் ஸ்கேலில் இருக்குமாறு பாருங்கள். செட்டியார் பொம்மையும் அவர் மளிகைக் கடையும் படியிலேயே இருக்கட்டும். அவரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இறக்கினால் ரயில் சுருங்கிப்போகும், செட்டியாரும் பூதமாகிவிடுவார்.

ஏற்கெனவே தவறான வீடு வாங்கிவிட்டவர்கள்

தூக்கிப் போடாதீர்கள். ரயிலைவிடச் சிறிய ஸ்கேல் வீடு பின்னால் போக வேண்டும், பெரிய ஸ்கேல் வீடு பார்ப்பவருக்கு மிக அருகே முன்விளிம்புக்கு வர வேண்டும். தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பதால் கண் இதை ஏற்றுக்கொள்ளும். பிரிக்பீல்ட்ஸ் தம்பியின் ஐந்து வீடுகளில் இரண்டை இப்படித்தான் மேசை விளிம்பில் பாதியாக அறுத்து வைத்தோம். மீதியை ஓ ஸ்கேல் ஓட்டும் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பெரியதைப் பின்னாலும் சிறியதை முன்னாலும் வைத்தால் மட்டும் எதுவும் காப்பாற்றாது. அதையும் படங்களில் பார்க்கிறேன்.

பினாங்குக் கொடிமலையை எச்ஓ மேசையின் பின்சுவரில் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த முறை மிகவும் உதவும். முன்னால் எச்ஓ கடைவீடுகள், சரிவில் 150-இல் ஒரு பங்கு பங்களாக்கள், அதே அளவில் மேலேறும் மலைரயில். சரிவு தொடங்கும் இடத்தில் அடர்த்தியாக ஒரு வரிசை மரம் வைத்துவிடுங்கள், இரண்டு ஸ்கேலும் சந்திக்கும் கோடு அதற்குப் பின்னால் மறைந்துவிடும். அந்த மரங்களின் பின்வரிசை முன்வரிசையைவிடக் குட்டையாக இருக்கட்டும்.